குடிப்பது யார், கருத்தடை யாருக்கு?

‘குடித்தே அழிகிறவர்களுக்குப் பிள்ளை எதற்கு?’ என்ற கேள்வியைப் பேருந்து நிறுத்தத்திலும் பள்ளி வாசலிலும் அரசு மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் எளிதாகக் கேட்கலாம். பழனி மலைப் பக்கம் அது இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்கும். கொடைக்கானலைச் சுற்றியுள்ள ஊர்கள் செய்தியில் அடிபடும்போது கஞ்சாவும் போதைக் காளானும் அவற்றோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. பூண்டுக் காட்டிலும் கேரட் தோட்டத்திலும் கூலி வாங்கிய கையோடு மதுக்கடைக்குப் போகிற தகப்பனைப் பற்றி மலைக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பசியோடு பள்ளிக்கு வருகிற பிள்ளை, பள்ளிக்கே வராமல் தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிகிற பிள்ளை, இரவில் அடி வாங்குகிற பிள்ளை ஆகியோரைப் பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வி எழத்தான் செய்யும். கோபம் நியாயமானது. அந்தக் கோபம் ஒரு படி மேலேறி, இப்படிப்பட்டவர்கள் இனிப் பிள்ளை பெறக் கூடாது என்று நீதிமன்றமே ஆணையிட்டால் என்ன என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அப்படி ஓர் ஆணை வந்தால் இந்த மலையில் அது யார் மேல் போய் விழும் என்பதே இந்தக் கட்டுரையின் கவலை. குடிக்கிற ஆணை அது தொடாது. குடிக்காத பெண்ணின் வயிற்றில்தான் போய் நிற்கும். ஏற்கெனவே பிறந்து பசியோடு இருக்கிற பிள்ளைக்கோ அதனால் ஒரு வாய்ச் சோறும் கூடுதலாகக் கிடைக்காது.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 2004-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் குடும்ப நீதிமன்ற நீதிபதி மெரிலின் ஓ’கானர், கொக்கைன் பழக்கம் கொண்ட ஒரு தம்பதியின் பிள்ளைகள் அரசின் பராமரிப்பில் இருந்த நிலையில், அந்தப் பிள்ளைகளைத் தாங்களே வளர்க்கும் நிலைக்கு வரும்வரை இனிப் பிள்ளை பெறக் கூடாது என்று ஆணையிட்டார். குடும்ப நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை நீக்கியது. அதற்கு முன் 2001-ல் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வேறொரு வழக்கு வந்தது. ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பனான ஒருவர் பராமரிப்புத் தொகை கட்டவில்லை. நன்னடத்தைக் காலத்தில், பிள்ளைகளைக் காப்பாற்ற முடியும் என்று நிரூபிக்காமல் இன்னொரு பிள்ளை பெறக் கூடாது என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அந்த நிபந்தனை நிலைத்தது. ஆதரித்த நால்வரும் ஆண் நீதிபதிகள், எதிர்த்த மூவரும் பெண்கள். 2017-ல் டென்னசி மாநிலத்தின் ஒயிட் மாவட்டத்தில் ஒரு நீதிபதி, ஆண்கள் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாலோ பெண்கள் கையில் கருத்தடைக் குச்சி பொருத்திக்கொண்டாலோ சிறைத் தண்டனையில் 30 நாள் கழிவு என்று அறிவித்தார். கண்டனம் கிளம்பவே இரண்டே மாதத்தில் திரும்பப் பெற்றார். இந்த மூன்றிலும் நீதிபதிகள் கெட்ட எண்ணத்தோடு செயல்பட்டதாகச் சொல்ல முடியாது. தங்கள் முன் வந்த பிள்ளைகளின் நிலை கண்டு பொறுக்காமல் செய்தார்கள். பொறுக்க முடியாமை மட்டும் ஓர் ஆணைக்குப் போதாது.

நம் நாட்டில் இப்படி ஆணையிட எந்தச் சட்டப் பிரிவும் இல்லை. தடுக்கிற பிரிவுகள் உண்டு. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு சேர்ந்து வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. அதே சட்டத்தின் 95-வது பிரிவு, மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை செய்வதை அறவே தடை செய்கிறது. 2009-ல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசியது. சண்டிகர் அரசு இல்லத்தில் இருந்த, அறிவு வளர்ச்சி குறைந்த ஓர் அநாதைப் பெண் பாலியல் வன்முறையால் கருவுற்றிருந்தார். அவரால் தாயாக இருக்க முடியாது என்று கருதிக் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் அனுமதித்திருந்தது. அந்தப் பெண் பிள்ளையைப் பெற விரும்பினார். உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றது. கொடைக்கானல் வழக்குகள் போய்ச் சேருகிற சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2018 ஜனவரியில், பாளையங்கோட்டைச் சிறையில் இருந்த ஓர் ஆயுள் கைதிக்கு, மனைவியோடு இருந்து பிள்ளை பெறும் வாய்ப்புக்காக இரண்டு வாரம் விடுப்பு கொடுத்தது. ஆயுள் தண்டனைக் கைதிக்கு உள்ள உரிமை கூலிக்காரக் குடிகாரருக்கு இல்லை என்று அதே நீதிமன்றம் எப்படிச் சொல்ல முடியும்?

சட்டத்தை விட்டுவிட்டுக் களத்துக்கு வருவோம். 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு 25 பேர் மது அருந்துகிறார்கள். பெண்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர். அதே ஆய்வில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால், திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட எட்டவில்லை. குடிக்கிறவர் ஒருவர், கத்திக்குப் படுக்கிறவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு ஏற்கெனவே இந்த மாநிலத்தில் நடைமுறையில் இருக்கிறது. இதன் மேல் நீதிமன்ற ஆணை ஒன்றும் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்கப் பெரிய புலமை தேவையில்லை. ஆணையில் ‘தம்பதி’ என்று எழுதியிருக்கும். கருவுற்றால் கண்ணுக்குத் தெரிவது பெண்ணின் வயிறு மட்டுமே. ஆண் வேறிடத்தில் வேறொரு பெண்ணோடு பிள்ளை பெற்றால் எந்த நீதிமன்றத்துக்கும் தெரியப்போவதில்லை. ஆணையை மீறினார் என்று விளக்கம் கேட்டு வரவழைக்கப்படுகிறவர், குடிகாரக் கணவனிடம் அடி வாங்கிக்கொண்டு தோட்டக் கூலியில் குடும்பத்தை ஓட்டுகிற மனைவிதான். அவரைச் சிறையில் போட்டால் பிள்ளைகளைப் பார்க்க மிச்சம் இருப்பவர் யார்? அந்தக் குடிகாரக் கணவன். பிள்ளைகளுக்காகப் போட்ட ஆணை, அவர்களுக்கு இருக்கிற ஒரே ஆதரவையும் பிடுங்கிவிடும். மலைக் குடிகளில் சில இடங்களில் பெண்களும் குடிக்கிறார்களே என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், நாடு முழுவதும் பழங்குடிப் பெண்களில் நூற்றுக்கு ஆறு பேர் என்று அதே ஆய்வு சொல்கிறது. கருவுற்றிருக்கும்போது குடிப்பது சிசுவைப் பாதிக்கும் என்பதும் மருத்துவம் அறிந்த உண்மை. அந்தப் பெண்ணுக்குத் தேவை மருத்துவம். வழக்கு போட்டால் அவர் மருத்துவத்திலிருந்து இன்னும் விலகித்தான் ஓடுவார். அதைப் பிறகு பார்ப்போம்.

யாரெல்லாம் இந்த வலையில் விழமாட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 2020 பிப்ரவரியில் கொடைக்கானல் மேல்மலையில் குண்டுபட்டிக்கு அருகே ஒரு தனியார் தோட்டத்தில் இரவு முழுக்க நடந்த போதை விருந்தில் 250-க்கும் மேற்பட்ட இளைஞர்களைக் காவல் துறை பிடித்தது. வெளியூர்களிலிருந்து வந்து கூடியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் எச்சரித்து அனுப்பப்பட்டார்கள். எச்சரித்து அனுப்பியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வயதில் சிறியவர்கள், அதுவே சரி. ஆனால் அவர்கள் பிள்ளை பெறத் தகுதியானவர்களா என்று அன்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். அந்தக் கேள்வி தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு குடிசையில் வாழும் பளியர் பழங்குடிக் குடும்பத்தைப் பார்த்துத்தான் எழும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1942-ல் இதே கோணலைக் கண்டுபிடித்தது. ஓக்லஹோமா மாநிலத்தில் திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர்களுக்குக் கருத்தடை செய்ய ஒரு சட்டம் இருந்தது. கோழி திருடியவர் அதற்குள் வருவார். முதலாளியின் பணத்தைக் கையாடிய கணக்கர் வரமாட்டார், சட்டமே அவருக்கு விலக்குக் கொடுத்திருந்தது. இரண்டும் திருட்டுதானே, ஒருவருக்கு மட்டும் ஏன் கத்தி என்று கேட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. ஸ்கின்னர் வழக்கு என்று பெயர். நம் ஊருக்கு அதைப் பெயர்த்துப் பார்க்க அதிகம் சிரமப்பட வேண்டாம். வீட்டுக்குள் உயர்ரக மது அருந்திவிட்டுப் பிள்ளைகளை வேலைக்காரர் கையில் விட்டுவிடும் பெற்றோரை ‘கவனிக்காதவர்’ என்று எந்த அதிகாரியும் குறித்துக்கொள்ளப் போவதில்லை.

கவனிப்பின்மை என்பதை அளக்கிற கண்ணும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1960-களின் தொடக்கத்தில் தென்தமிழக மலைகளில் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தவர். கைக்குழந்தையைக் கீழே விடாமல் சீராட்டுவதும், கொஞ்சம் வளர்ந்ததும் தன் போக்கில் திரிய விடுவதும், யாரையும் யாரும் அதட்டி அடக்கக் கூடாது என்பதும் அவர்களின் வழக்கம் என்று அவர் எழுதினார். ஐந்து வயதுப் பிள்ளை பெரியவர் துணையில்லாமல் காட்டோரம் சுற்றுவது அவர்களுக்கு வளர்ப்பு முறை. சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரிக்கு அது கேட்பாரற்ற குழந்தை. தாயும் தகப்பனும் விடிந்தால் தோட்டத்துக்குப் போய் இருட்டியபின் திரும்புகிற வீட்டில் பிள்ளை தனியாக இருப்பதும் கவனிப்பின்மைதான். அந்தக் குறையை உண்டாக்கியது போதையா, கூலியா, பக்கத்தில் குழந்தைகள் மையம் இல்லாமையா என்று படிவத்தில் எழுத இடம் இருக்காது. இன்னொன்றும் இந்த மலையிலேயே நினைவுக்கு வருகிறது. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவர் நடத்திய பாதரச வெப்பமானி ஆலை 2001-ல் மூடப்பட்டது. கருச்சிதைவும் மலடும் ஊனமும் தங்கள் குடும்பங்களில் ஏற்பட்டன என்று தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள்; நிறுவனம் மறுத்தது. இந்துஸ்தான் யூனிலீவருக்கும் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது 2016-ல். முழுசாகப் பதினைந்து ஆண்டுகள். பிறக்காத குழந்தையின் நலனில் அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் அக்கறை வருகிற வேகம், எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

பெற்றோரைப் பார்த்துப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கணிக்கும் வேலையில் நீதிமன்றங்களின் கடந்தகாலம் பெருமைப்படத்தக்கதாக இல்லை. 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவைச் சேர்ந்த கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கருத்தடை செய்ய அனுமதித்தது. அவரும் அவர் தாயும் அவர் பெற்ற குழந்தையும் மூன்று தலைமுறையாக மந்தபுத்திக்காரர்கள் என்பது தீர்ப்பின் அடிப்படை. எழுதியவர் சாதாரண நீதிபதி அல்லர், ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். பின்னாளில் தெரிய வந்த உண்மை வேறு: வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவனால் பலாத்காரத்துக்கு ஆளாகித்தான் கேரி கருவுற்றார்; அவர் மகள் விவியன் பள்ளியில் நன்றாகப் படித்து சிறந்த மாணவர் பட்டியலில் இடம்பெற்றாள், எட்டு வயதில் நோயால் இறந்தாள். அடுத்து, 1980-களில் கொக்கைன் பழக்கமுள்ள தாய்மார்களின் குழந்தைகள் ஒரு தலைமுறையே வீணாய்ப் போகும் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் அலறின. பிலடெல்பியாவில் டாக்டர் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் அப்படிப்பட்ட குழந்தைகளையும், அதே ஏழைப் பகுதியில் போதை அறியாத தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளையும் சேர்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார். இரண்டு கூட்டத்துக்கும் இடையே அறிவுத்திறனில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. இரண்டுமே சராசரிக்குக் கீழே இருந்தன. தாய் எடுத்த கொக்கைனைவிட வறுமை கூடுதலாகக் கெடுத்திருந்தது. இதைப் படித்த பிறகும் போதைப் பெற்றோர் வயிற்றில் பிறப்பதே ஒரு பிள்ளைக்கு விதி முடிந்த கதை என்று தீர்ப்பெழுத ஒருவருக்குக் கை வருமானால், ஆதாரங்கள் அவருக்குப் பொருட்டில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்றுதான், அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஒரு தம்பதியின் மூன்று பிள்ளைகளை ஏற்கெனவே அரசு எடுத்துக்கொண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நான்காவதும் அப்படியே வந்து விழப்போகிறது. அந்த நான்காவது பிள்ளை படப்போகும் துன்பத்தைத் தடுக்க வழி இருந்தும் பெற்றோரின் உரிமை என்று பேசிக்கொண்டிருப்பது வறட்டு வாதம் இல்லையா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது ஒரு விஷயத்தை மறைக்கிறது. நான்காவது பிள்ளை பிறக்காமல் செய்வதால் முதல் மூன்று பிள்ளைகளின் வாழ்வில் எதுவும் மாறாது. பிறந்த பிள்ளையைக் காக்க நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் அதிகாரம் நிறையவே இருக்கிறது. 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தகுதியற்ற அல்லது இயலாத பெற்றோரின் குழந்தை ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் அழைத்தாலும் போதும். குழந்தைகள் நலக்குழு அந்தப் பிள்ளையை உறவினரிடமோ வளர்ப்புக் குடும்பத்திடமோ இல்லத்திலோ சேர்க்கலாம். பிள்ளையைக் கொடுமை செய்தால் 75-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. நான்காவது பிள்ளை பிறந்தால், பிறந்த அன்றே இதெல்லாம் அதற்கும் பொருந்தும். தமிழ்நாடு இந்தத் திசையில் முன்னரே நடந்து பார்த்த மாநிலம்: 1992-ல் சேலத்தில் தொடங்கி 2001-ல் திண்டுக்கல் போன்ற மாவட்டங்களுக்கும் வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தில் குறைகள் எத்தனையோ சொல்லலாம், ஆனால் வளர்க்க முடியாதவரைப் பார்த்து ‘பெறாதே’ என்று சொல்லாமல் ‘எங்களிடம் கொடு’ என்றது அது.

ஆணையின் பக்கவிளைவையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. கருவுற்றதும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் போய்ப் பதிவு செய்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்குவதும், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை வருவதும் மலையிலும் பழக்கமாகிவிட்டன. பல பத்தாண்டு உழைப்பில் கட்டிய நம்பிக்கை அது. வெள்ளகெவி, சின்னூர், பெரியூர் போன்ற ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கி வரும் நிலையில்கூட மருத்துவமனைக்கு வர வேண்டும் என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. கருவுறுவதே நீதிமன்ற ஆணையை மீறுவது என்று ஆகிவிட்டால், அந்த ஆணைக்கு உட்பட்ட பெண் முதலில் ஒளிவது அந்தச் செவிலியரிடமிருந்துதான். குடிப்பழக்கம் உள்ள கர்ப்பிணிதான் வேறு யாரைவிடவும் அதிகமாக மருத்துவரைப் பார்க்க வேண்டியவர். அவரைத்தான் காட்டுக்குள் விரட்டுவோம். சிசுவைக் காப்பாற்றப் போட்ட ஆணை சிசுவுக்கே எமனாகும்.

சரி, கட்டாயம் வேண்டாம், பணமோ தண்டனைக் கழிவோ கொடுத்து அவர்களாகவே சம்மதிக்க வைக்கலாமே என்பது அடுத்த யோசனை. அமெரிக்காவில் 1997-ல் பார்பரா ஹாரிஸ் தொடங்கிய அமைப்பு ஒன்று போதைப் பழக்கமுள்ளவர்களுக்கு 300 டாலர் கொடுத்துக் கருத்தடை செய்ய வைக்கிறது. அடுத்த ஊசிக்குக் காசு தேடி அலைகிறவர் கையில் பணத்தைக் காட்டி வாங்குகிற கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நமக்கு இந்த அனுபவம் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாக வேண்டியதில்லை. நெருக்கடி நிலையின்போது 1976-77-ல் ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடைகள் நடந்தன. அவற்றில் ஊக்கத்தொகை எது, மிரட்டல் எது என்று பிரிக்க முடியாமல் போனது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை செய்ததும், அதையும் அதை ஒட்டி நடந்த முகாம்களையும் தொடர்ந்து 13 பெண்கள் இறந்ததும் நாடறிந்தவை. 2016-ல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டுக்குள் கருத்தடை முகாம்களையே நிறுத்தச் சொன்னது இந்தப் பின்னணியில்தான். இலக்கும் பணமும் சேர்ந்தால் ஏழைப் பெண்ணின் உடம்பு வெறும் கணக்காகிவிடும் என்பதை நாம் ஒரு தடவைக்கு மேல் பார்த்துவிட்டோம்.

உரிமை எதுவும் எல்லையற்றது இல்லை, 2003-ல் ஜாவேத் வழக்கில் இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் ஊராட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற ஹரியாணா சட்டத்தை உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டதே என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது ஒரு பதவிக்கான தகுதி பற்றிய வழக்கு. யாருடைய உடம்பையும் அது தொடவில்லை. அந்த வழியில் போன மாநிலங்கள் பலவும் பின்வாங்கின. ஆந்திரம் 2024 நவம்பரில் அந்த விதியை நீக்கியது. 2024-25-ல் தமிழ்நாட்டு முதலமைச்சர் தொகுதிச் சீரமைப்புக் கவலையிலும் ஆந்திர முதலமைச்சர் முதியோர் பெருகும் கவலையிலும் கூடுதலாகப் பிள்ளை பெறுங்கள் என்று மேடையில் பேசினார்கள். ஒரு பத்தாண்டில் ‘போதும்’, அடுத்த பத்தாண்டில் ‘பெறுங்கள்’ என்று மாறுகிற அரசின் பேச்சை நம்பி ஒரு பெண்ணின் கருப்பையை நீதிமன்றத்தின் பொறுப்பில் விடுவது எந்த அளவுக்குப் புத்திசாலித்தனம் என்று தெரியவில்லை.

அப்படியானால் நீதிமன்றம் கைகட்டி நிற்க வேண்டுமா என்றால், இல்லை. அது கை வைக்க வேண்டிய இடம் வேறு. இந்த மாநிலத்தில் மது விற்பது அரசு. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கிடமே இருக்கிறது; 2024-25-ல் அதன் வழியாக வந்த வருவாய் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மலைக்காடுகளில் உடைந்த மதுப் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக் காலிப் பாட்டிலைத் திருப்பித் தருபவருக்கு அதைத் திரும்பக் கொடுக்கச் செய்தது. 2022-ல் நீலகிரியில் தொடங்கிய அந்த ஏற்பாடு மற்ற மலைப் பகுதிகளுக்கும் விரிந்தது. அதற்கு முன் 2016 டிசம்பரில், தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தக் கடைகள் குடியிருப்புகளுக்குள் நகர்ந்து பெண்கள் வீதிக்கு வந்து போராடியது வேறு கதை. விற்பவரின் பொறுப்பு பாட்டிலோடு முடியாது என்று நீதிமன்றத்துக்குத் தெரியும் என்பதற்கு இவை சான்று. பாட்டிலுக்குச் செய்ததை அதைக் குடித்தவரின் வீட்டுக்கும் செய்யச் சொல்லலாம்: மலையில் விற்கும் மதுவின் வருவாயில் ஒரு பங்கை மலையிலேயே போதை மீட்புச் சிகிச்சைக்கும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும் என்று.

சிகிச்சை என்றதும் உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. எத்தனை முறை சேர்த்தாலும் திரும்பக் குடிக்கத்தானே போகிறார்கள் என்பார்கள். திரும்பக் குடிப்பது இந்த நோயின் இயல்பு. சர்க்கரை நோயாளி தின்பண்டத்துக்குத் திரும்புகிறார் என்று யாரும் மருந்தை நிறுத்துவதில்லை. நாம் இன்னும் சிகிச்சை கொடுத்தே பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் வெளியிட்ட நாடளாவிய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவி பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180-ல் ஒருவர். நெடுநாள் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மன்னவனூரிலோ பூம்பாறையிலோ உள்ள ஒருவர் அதற்காகக் கொடைக்கானல் வந்து, அங்கிருந்து நூறு கிலோமீட்டரை ஒட்டிய தூரம் மலையிறங்கித் திண்டுக்கல் போவதென்றால் இரண்டு நாள் கூலி போய்விடும். போவாரா?

பிள்ளைகளின் பக்கம் செய்ய வேண்டியதற்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்டத்தில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு; அதை அம்மா கையிலோ பாட்டி கையிலோ சேர்த்தால் இல்லத்துக்கு அனுப்ப வேண்டிய தேவையே பல வீடுகளில் இருக்காது. அரசுப் பள்ளியின் காலை உணவு, அப்பன் குடித்தானா இல்லையா என்று கேட்காமலே பிள்ளையின் தட்டில் விழுகிறது. மலையில் இதைவிடப் பயனுள்ள குழந்தைப் பாதுகாப்பு நடவடிக்கை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கருத்தடை வேண்டும் என்று கேட்கிற பெண்ணுக்கு அது இலவசமாக, அவசரமில்லாமல், முழு விளக்கத்தோடு கிடைக்க வேண்டும். அதே அறையில் அவர் கணவரையும் உட்கார வைத்து, ஆணுக்கான தழும்பில்லாக் கருத்தடை பத்து நிமிட வேலை என்று சொல்லவும் வேண்டும். மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழுவின் முன் கொண்டுவர வேண்டும் என்கிற சட்டம், பயண நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறது. மலையில் அந்த விலக்கு ஒரு நாளையே விழுங்கிவிடும். குழு கூடாத நாளில் தனியொரு உறுப்பினர் முன்னும் குழந்தையைக் கொண்டுவரலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. திண்டுக்கல் மாவட்டக் குழுவின் உறுப்பினர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் கொடைக்கானலிலும் மாதத்தில் ஒரு நாள் தாண்டிக்குடியிலும் அமர வேண்டும் என்று மதுரைக் கிளை நாளைக்கே உத்தரவிடலாம். அதற்கு வேண்டியது ஓர் அறை, ஒரு வண்டி, ஓட்டுநருக்குப் படி.